அக்கா, இந்த மெயில் சரியா இருக்கா? எங்க டேபிள்ல அடிக்கடி வர்ற இங்கிலீஷ் டவுட்டுங்க

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல 14 வருஷமா மெர்ச்சண்டைசரா இருக்கேன். வேலை என்னமோ துணி, கலர், அளவு, ஷிப்மென்ட் தேதின்னு தான், ஆனா நாள்ல பாதி வெளிநாட்டு பையருங்களுக்கு, அதாவது ஆர்டர் குடுக்கறவங்களுக்கு, மெயில் எழுதறதுலயே போயிரும், அதுவும் இங்கிலீஷ்ல. நான் படிச்சது தமிழ் மீடியம். மொத வருஷம் எழுதின மெயிலை இப்ப எடுத்துப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. இப்ப புதுசா சேர்ற பசங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு என் டேபிளுக்கு வர்றாங்க, கேக்கறது பூரா அதே பதினஞ்சு இருபது டவுட்டு தான், ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி முடியல, அதான் ஒரு தடவ எழுதி வெச்சிரலாம்னு. கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கும். இங்கிலீஷ் வாக்கியத்தையும் தமிழ் எழுத்துல தான் போட்டிருக்கேன், வாய்விட்டுப் படிங்க, பாதி தப்பை காதே பிடிச்சிரும்.

எனக்கு கிராமர் சுத்தமா வராதுக்கா, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

உங்க தப்பெல்லாம் கண்டபடி வர்ற தப்பு இல்ல. முக்காவாசி தப்புக்கு அடியில ஒரு நல்ல தமிழ் வாக்கியம் ஒக்காந்திருக்கும். "டுடே மார்னிங் வீ டிஸ்பேச்ட்"னு எழுதறீங்க, ஏன்னா மனசுல ஓடறது "இன்னிக்குக் காலைல". தமிழ்ல அது சரி, இங்கிலீஷ்காரங்க "திஸ் மார்னிங்"னு தான் சொல்வாங்க. அதே மாதிரி "யெஸ்டர்டே நைட்" இல்ல, "லாஸ்ட் நைட்". ஆனா "யெஸ்டர்டே மார்னிங்", "டுமாரோ மார்னிங்" ரெண்டும் சரி. இதுக்கு ஏன்னு கேக்காதீங்க, பழக்கம், அவ்வளவு தான்.

அதனால நான் சொல்ற ஒரே வழி இது. சந்தேகமா இருக்கற வரியை தமிழ்ல சொல்லிப் பாருங்க. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பொருந்துச்சுன்னா அங்க ஒரு தடவ நின்னு பாருங்க. கீழ வர்ற பதில் பாதிக்கு மேல இந்த வழியில தான் போகும்.

உயிரெழுத்து வந்தா 'அன்' போடணும்னு படிச்சோம், அப்புறம் ஏன் 'ஏ யூனிஃபார்ம்'னு எழுதறாங்க?

எழுத்தைப் பாக்காதீங்க, சத்தத்தைப் பாருங்க. இதுக்கு நம்ம கிட்ட ஒரு சுலபமான வழி இருக்கு. அந்த வார்த்தையை தமிழ்ல எழுதுங்க, மொத எழுத்து உயிரெழுத்தா இருந்தா 'அன்', இல்லைன்னா 'ஏ'. அவர், ஆனஸ்ட், எம்.பி.ஏ., எக்ஸ்போர்ட், இதெல்லாம் 'அன்'. யூனிஃபார்ம், யூரோ, யுனிவர்சிட்டி எல்லாம் 'ய'வுல ஆரம்பிக்குது, அது உயிரெழுத்து இல்ல, அதனால 'ஏ'. ஒரு சில எடத்துல ஏமாந்துருவீங்க, உதாரணத்துக்கு ஒண்ணுங்கற நம்பரை நாம 'ஒன்'னு எழுதறோம், ஆனா இங்கிலீஷ்ல வாய்ல வர்றது 'வன்', அதனால 'ஏ ஒன்-பீஸ் டிரெஸ்' தான்.

யோசிச்சுப் பாத்தா இது நமக்குப் புதுசே இல்ல. 'ஓர் ஆண்டு', 'ஒரு வருடம்'னு தமிழ் வாத்தியார் சொல்லிக் குடுத்தது இதே கதை தான். கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 'அம்பயர்'ங்கற வார்த்தை மொதல்ல 'நம்பயர்' மாதிரி 'ந'வுல தான் ஆரம்பிச்சுது, 'ஏ நம்பயர்'னு சொல்லிச் சொல்லி ஜனங்க காதுல அது 'அன் அம்பயர்' ஆயி அப்படியே நின்னு போச்சு. நம்ம ஆபீஸ்ல ஆர்டர் எடுக்கறோமே ஏப்ரன், அதுவும் அப்படித்தான், பழசுல 'நாப்ரன்'. அவங்களே தடுமாறினது தான், நாம தடுமாறினா குத்தமா?

இங்கிலீஷ் 'த' எங்க போடணும்னே தெரியலக்கா. எல்லா எடத்துலயும் போட்டு விட்டுடறேன்.

தமிழ்ல 'த' கெடையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. வார்த்தையா கெடையாது, ஆனா வேலை நடந்துட்டு தான் இருக்கு. "சட்டை வாங்கினேன்"னா ஏதோ ஒரு சட்டை. "சட்டையை வாங்கிட்டேன்"னா உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்தச் சட்டை. அந்த 'ஐ' வர்ற எடத்துல இங்கிலீஷ்ல பெரும்பாலும் 'த' வரும். "சாம்பிள் அனுப்பறோம்", அதுக்கு "வீ ஆர் சென்டிங் ஏ சாம்பிள்". "சாம்பிளை அனுப்பிட்டோம்", அதுக்கு "வீ ஹேவ் சென்ட் த சாம்பிள்".

எல்லா எடத்துக்கும் இது செல்லாது. ஊர் பேருக்கு முன்னாடி 'த' வேண்டாம், பெரும்பாலான நாட்டுப் பேருக்கும் வேண்டாம், ஆனா 'த யூகே', 'த நெதர்லாண்ட்ஸ்' உண்டு. பொதுவா காட்டனைப் பத்திப் பேசினா "காட்டன் இஸ் காஸ்ட்லி நவ்", நாம வாங்கின லாட்டைப் பத்தின்னா "த காட்டன்". பத்துக்கு எட்டு எடத்துல 'ஐ' வழி கை குடுக்கும், மீதி ரெண்டு படிச்சுப் படிச்சு தான் வரும்.

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்', இதுல என்ன தப்பு?

ரெண்டு தப்பு. "மூணு வருஷமா வேலை பாக்கறேன்"ல இருக்கற 'பாக்கறேன்' உங்களை 'ஆம் வொர்க்கிங்'ல கொண்டு போய் விட்டுருச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சு இன்னிக்கும் நடக்கற விஷயத்துக்கு 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேணும். அடுத்தது 'சின்ஸ்'. அது ஆரம்பிச்ச எடத்துக்கு, அதாவது நம்ம 'இருந்து': 'சின்ஸ் 2021', 'சின்ஸ் மண்டே'. மொத்தம் எவ்வளவு நாளுங்கறதுக்கு, நம்ம 'வருஷமா', 'நாளா' மாதிரி எடத்துக்கு 'ஃபார்'. ஆக "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்".

'டிட் நாட் வென்ட்' தப்புன்னு தெரியும், ஆனா அவசரத்துல அதான் வருது.

'போகல'ங்கறதைப் பிரிச்சுப் பாருங்க, போக + இல்ல. யாராவது "போனேன் இல்ல"ன்னு சொல்வாங்களா? 'இல்ல' வந்தவுடனே 'போனேன்'ல இருந்த காலம் கழண்டுருது. இங்கிலீஷ்லயும் அதே தான், 'டிட்' வந்துட்டா இறந்த காலத்தை அது தூக்கிக்கும், பின்னாடி வர்றது வெறும் 'கோ'. 'டிட் நாட் ரிசீவ்', 'டிட் யூ செக்'. இந்த ஒண்ணுல தமிழ் உங்க பக்கம் தான் நிக்குது.

'ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்' ஓகேவா?

சாப்பாட்டுக்கு 'ஹேவிங்' சரி, "ஐ ஆம் ஹேவிங் லன்ச்". கையில இருக்கு, வீட்டுல இருக்குங்கறதுக்கு 'ஹேவ்' மட்டும். 'டவுட்'டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க. நமக்கு டவுட்டுன்னா கேள்வி, அவங்களுக்கு டவுட்டுன்னா நம்பிக்கை இல்லைங்கற மாதிரி. "வீ ஹேவ் ஏ டவுட் ஆன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்"னு எழுதினா நீங்க அவங்க அளவையே சந்தேகப்படறீங்கன்னு எடுத்துக்க எடம் இருக்கு. 'கொஸ்டின்'னு போட்டா பிரச்சினையே இல்ல.

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' ரெண்டுலயும் சிவப்புக் கோடு வருதே?

தண்ணிகள்னு சொல்வீங்களா? மணல்கள்? அந்த மாதிரி எண்ண முடியாததா அவங்க நெனைக்கற சாமான் லிஸ்ட் நம்ம லிஸ்டை விட நீளம். இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர், எதுக்கும் கடைசில 'ஸ்' கெடையாது. எண்ணியே ஆகணும்னா 'டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்'. 'ஃபேப்ரிக்ஸ்' மட்டும் தைரியமா எழுதுங்க, வெவ்வேற ரக துணின்னு அர்த்தம்.

'டிஸ்கஸ் அபவுட்'ல 'அபவுட்' வேண்டாம்னு அடிச்சு விட்டீங்க, ஏன்?

'பத்திப் பேசலாம்'ங்கற தமிழ்ல இருக்கற 'பத்தி' உள்ள நுழைஞ்சது. 'டிஸ்கஸ்'குள்ளயே பத்தி இருக்கு. "லெட் அஸ் டிஸ்கஸ் த பிரைஸ்". 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்'லயும் 'பேக்' தேவையில்ல. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'ல நேர்மாறா ஒண்ணு கொறையுது, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'.

வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறோம்னா 'விதின் ஃப்ரைடே' தானே?

இல்ல. இந்த ஒரு கேள்வியில தான் நெசமாவே காசு போகும், அதனால மெதுவா படிங்க. 'க்குள்ள'ன்னு நாம ரெண்டு விஷயத்துக்குச் சொல்றோம். "பத்து நாளுக்குள்ள"ன்னா அது ஒரு கால அளவு, அங்க 'விதின் டென் டேஸ்' சரி. "வெள்ளிக்கிழமைக்குள்ள"ன்னா அது ஒரு கெடு, அங்க 'பை ஃப்ரைடே'. வெள்ளிக்கிழமையும் அதுல சேத்தி. 'பிஃபோர் ஃப்ரைடே'ன்னு எழுதிட்டீங்கன்னா வியாழனோட கெடு முடிஞ்சுது, பையர் வியாழன் சாயங்காலமே கேப்பாங்க.

அடுத்தது 'அன்டில்'. அது 'வரைக்கும்'. "வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே"ன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிட்டே இருப்போம், அப்புறம் நிறுத்திருவோம்னு அர்த்தம். "கார்ட்டன் வெள்ளிக்கிழமை வரைக்கும் குடோன்ல இருக்கும்", இதுக்கு 'அன்டில்'. "கார்ட்டன் வெள்ளிக்கிழமைக்குள்ள கெளம்பிரும்", இதுக்கு 'பை'.

இன்னொண்ணு, 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'ன்னா வர்ற வெள்ளியா அதுக்கடுத்த வெள்ளியான்னு அவங்களுக்குள்ளயே சண்டை உண்டு. தேதியைப் போட்டுருங்க. அதையும் 05/06னு போடாதீங்க, நமக்கும் இங்கிலாந்துக்கும் அது ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. மாசத்தோட பேரை எழுத்துல எழுதறதுக்கு என்ன ரெண்டு செகண்ட் ஆகுமா?

போன்ல 'யெஸ்'னு தான் சொன்னேன், பையர் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. எப்படி?

கேள்வி 'இல்லையா'ன்னு வந்திருக்கும். "ஹேவன்ட் யூ புக்ட் த ஃபேப்ரிக்?"னு கேட்டாங்க, துணி இன்னும் புக் பண்ணல, நீங்க தமிழ்ல நெனைச்சது "ஆமாங்க, இன்னும் பண்ணல". அந்த 'ஆமா' 'யெஸ்' ஆயி வெளிய வந்துச்சு. நம்ம 'ஆமா' எதிர்ல இருக்கறவங்க சொன்னதுக்குத் தலையாட்டறது. அவங்க 'யெஸ்' அப்படி இல்ல, நடந்துச்சுன்னா யெஸ், நடக்கலைன்னா நோ, கேள்வி எப்படி வந்தாலும் சரி. அதனால அவங்க காதுல விழுந்தது "புக் பண்ணிட்டோம்".

தப்பிக்க ஒரு வழி, தனியா 'யெஸ்' 'நோ' சொல்லி நிறுத்தாதீங்க. "நோ, வீ ஹேவன்ட் புக்ட் இட் யெட்"னு முழுசா சொல்லுங்க. "டூ யூ மைண்ட் இஃப் வீ சேஞ்ச் த பட்டன்?"னு வந்தாலும் இதே குழி தான், அங்க 'நோ'ன்னா தான் 'பரவால்ல, மாத்திக்கோங்க'.

'டூ த நீட்ஃபுல்', 'ரிவர்ட்', 'பிரீபோன்', இதெல்லாம் தப்பு இங்கிலீஷா?

எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. 'டூ த நீட்ஃபுல்' வெள்ளைக்காரங்களே அந்தக் காலத்துல எழுதிட்டிருந்தது தான், அவங்க விட்டுட்டாங்க, நம்ம கவர்மென்ட் ஆபீஸ் விடல. புரியும், ஆனா பழைய தகரப்பெட்டி வாசம் அடிக்கும். அதோட 'தேவையானதைச் செய்யவும்'னா என்ன செய்யணும்னு யாருக்கும் தெரியாது, "ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப்"னு (லேப் டிப்னா கலர் பாக்கறதுக்குச் சாயம் போட்டு அனுப்பற துணித் துண்டு) வேலையைச் சொல்லுங்க. 'பிரீபோன்', அதாவது தேதியை முன்னாடி கொண்டு வர்றது, எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. நாம தான் கண்டுபிடிச்சோம்னு பெருமையா சொல்லிக்கறோம், ஆனா 1913-லயே ஒரு அமெரிக்கப் பத்திரிகையில வந்திருக்கறதா ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரி காட்டுது. அங்க செத்துருச்சு, இங்க பொழைச்சுக்கிச்சு. உள்ளூர்ல தாராளமா சொல்லுங்க, வெளிநாட்டுக்கு 'பிரிங் ஃபார்வர்ட்' அல்லது 'மூவ் அப்'.

'ரிவர்ட்' தான் ஆபத்து. அவங்களுக்கு அது 'பழைய நிலைக்குத் திரும்பறது'. நான் சேர்ந்த புதுசுல ஒரு நேவி ப்ளூவை கொஞ்சம் மங்கலாக்கச் சொல்லி மாத்தினாங்க, நான் பெருமையா "வீ வில் ரிவர்ட் த கலர் டுமாரோ"ன்னு எழுதினேன், நாளைக்குப் பதில் சொல்றோம்ங்கற நெனப்புல. அவங்க படிச்சது, நாளைக்குப் பழைய கலருக்கே போயிடறோம்னு. "ஏன்?"னு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளக்கம் குடுத்துட்டிருந்தேன். 'கெட் பேக் டு யூ'ன்னு போடுங்க.

'பாஸ்டு அவுட் இன் 2019'ம் இந்தக் கூட்டம் தான். பரங்கிமலையில ஆபீசர் டிரெயினிங் முடிச்சவங்களுக்கு பாசிங் அவுட் பரேடு நடக்குது, அங்க அது சரி. காலேஜ் முடிச்சவங்களுக்கு 'கிராஜுவேட்டட்'. இல்லைன்னா 2019-ல மயக்கம் போட்டு விழுந்தேன்னு அர்த்தம்.

'கசின் பிரதர்'னு சொன்னா சிரிக்கறாங்க. வேற எப்படிச் சொல்றது?

'கசின்'னு மட்டும் சொல்லணும், ஆனா சிரிக்கறவங்க பக்கம் நான் இல்ல. பெரியப்பா பையன் நமக்கு அண்ணன், மாமா பையன் மொறைப்பையன், ரெண்டு பேரையும் ஒரே 'கசின்'ல அடைச்சா எந்தத் தமிழ் வாய்க்குத் தான் திருப்தியா இருக்கும்? 'பிரதர்'னு ஒட்டறப்பவே நீங்க ஒரு கணக்கைத் தீக்கறீங்க. சகலைக்கு 'கோ-பிரதர்', ஓரகத்திக்கு 'கோ-சிஸ்டர்'னு நாமளே வெச்சுக்கிட்டதும் அதனால தான். வெளிநாட்டுக்காரங்க கிட்ட "மை ஒய்ஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்"னு நீட்டணும், வேற வழியில்ல.

'ஒன்லி'யை வாக்கியத்தோட கடைசியில போடாதேன்னு திட்டறாங்க.

அது நம்ம 'தான்'. "நேத்து தான் அனுப்பினோம்"ங்கறதை அப்படியே மாத்தி "வீ சென்ட் இட் யெஸ்டர்டே ஒன்லி"ன்னு எழுதிடறோம். அவங்க 'ஒன்லி'க்கு 'மட்டும்'ங்கற அர்த்தம் தான் பலமா இருக்கு. "வீ சென்ட் இட் ஒன்லி யெஸ்டர்டே"ன்னு வார்த்தைக்கு முன்னாடி போட்டா சரி. 'டுடே இட்செல்ஃப்' நம்ம 'இன்னிக்கே'. "வீ வில் சென்ட் இட் டுடே" போதும், அந்த 'ஏ'வோட அழுத்தம் வேணும்னா குரல்ல குடுத்துக்கோங்க.

யூகே பையர் 'பேண்ட்ஸ்' ஆர்டர் பண்ணினா ஜட்டி சாம்பிள் கேக்கறாங்க, ஏன்?

ஏன்னா அங்க 'பேண்ட்ஸ்'னா ஜட்டி. நாம சொல்ற பேண்ட் அவங்களுக்கு 'டிரவுசர்ஸ்', அமெரிக்காவுக்குத் தான் 'பேண்ட்ஸ்'. 'வெஸ்ட்' அதை விட மோசம், யூகேல அது நம்ம பனியன், அமெரிக்காவுல சட்டைக்கு மேல போடற கையில்லாத கோட்டு. 'ஜம்பர்' யூகேல ஸ்வெட்டர், அமெரிக்காவுல பொண்ணுங்க உள்ள சட்டை போட்டு மேல மாட்டற கையில்லாத கவுன். ஊரே பனியன் ஊரு, ஆனா 'பனியன்'னு மெயில்ல எழுதினா ரெண்டு நாட்டுக்காரங்களுக்கும் புரியாது. படம் இல்லாம எந்த ஸ்டைலையும் ஒத்துக்காதீங்க.

ஸ்பெல்லிங்கும் இங்கயே சொல்லிடறேன். 'கலர்'ல 'யூ' போடறது பிரிட்டிஷ், போடாதது அமெரிக்கன், நோவா வெப்ஸ்டர் 1828-ல போட்ட டிக்‌ஷனரி அமெரிக்காவுல அதை நிலைநிறுத்துச்சு. ரெண்டும் சரி, ரெண்டையும் ஒரே மெயில்ல கலக்கறது தான் தப்பு. லேபிள்ல வர்றதுன்னா உங்க விருப்பம், என் விருப்பம் எதுவும் கெடையாது, பையர் அனுப்பற டெக் பேக்ல, அதாவது ஸ்டைலோட விவரம் பூரா இருக்கற ஃபைல்ல, என்ன இருக்கோ அதே.

"நீங்க வீட்டுல எத்தனாவது பையன்?", இதை இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறது?

முடியாது. 'எத்தனாவது'க்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்ல. சுத்தி வளைச்சு "ஆர் யூ த எல்டஸ்ட்?"னு கேட்டு அவங்க சொல்றதைக் கேட்டுக்கணும். "இது எத்தனாவது லாட்?"னா 'விச் லாட் நம்பர் இஸ் திஸ்?'. உங்களுக்கு வரலைன்னு நெனைச்சு வருத்தப்படாதீங்க, இது அவங்க கடையில இல்லாத சரக்கு.

பையர் ஆணா பொண்ணான்னு தெரியல, 'ஹி'யா 'ஷி'யா? 'தே' போட்டா பன்மை ஆயிருமே?

ஆகாது. "யாரோ போன் பண்ணாங்க, அவங்க பேர் கேக்கல", இதுல எத்தனை பேரு? ஒருத்தர் தான். 'தே'யும் அந்த 'அவங்க' மாதிரி தான், 14-ம் நூற்றாண்டுல இருந்தே ஒருத்தருக்கும் வந்துட்டிருக்கு. 'யூ' கூட அப்படி வந்தது தான், மொதல்ல 'தௌ'ன்னா நீ, 'யூ'ன்னா நீங்க, அப்புறம் மரியாதைக்கு எல்லாரையும் 'யூ'ன்னு கூப்பிட்டு கூப்பிட்டு 'நீ' காணாமப் போச்சு. அதனால 'யூ'ன்னு எழுதினா மரியாதை கொறையுமோன்னு பயப்பட வேண்டாம், ஏற்கனவே 'நீங்க' தான். 'ரெஸ்பெக்டெட் சார்' எல்லாம் தேவையே இல்ல.

'வீ'ல தான் சிக்கல். நமக்கு 'நாம' வேற, 'நாங்க' வேற. அவங்களுக்கு ரெண்டும் 'வீ'. "வீ நீட் டு பே ஃபார் த ஏர் ஃபிரெய்ட்"னு எழுதினா யாரு பே பண்றது? பணம் சம்பந்தப்பட்ட வரியில கம்பெனி பேரைப் போட்டு எழுதிருங்க.

வாக்கியத்தை 'வித்', 'ஃபார்'ல முடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே?

1672-ல ஜான் டிரைடன்னு ஒரு கவிஞர், பென் ஜான்சன்ங்கற நாடக ஆசிரியர் அப்படி எழுதினதைக் குறை சொன்னார். லத்தீனை அளவுகோலா வெச்சிருந்த காலம் அது, அந்தக் குறை பிற்பாடு வாத்தியாருங்க கையில ரூல் ஆயிருச்சு. "ஹூ ஆர் யூ வொர்க்கிங் வித்?" நல்ல இங்கிலீஷ் தான், பயப்படாம முடிங்க.

இப்ப தான் ஏஐ எழுதிக் குடுக்குதேக்கா, இதெல்லாம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?

நானும் யூஸ் பண்றேன். மேல சொன்ன 'டிட் நாட் வென்ட்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' எல்லாம் அது சரி பண்ணிரும், நீங்க தலையை ஒடச்சுக்க வேண்டியதில்ல. ஆனா நீங்க 'பை'ன்னு நெனைச்சு 'அன்டில்'னு எழுதியிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஒரு பையன் "சாம்பிள்ஸ் வில் பீ சென்ட் அன்டில் ஃப்ரைடே"ன்னு போட்டுக் குடுத்தான், அது "வீ வில் கன்டினியூ சென்டிங் சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே"ன்னு அழகா மெருகேத்திக் குடுத்துச்சு. ஒரு இலக்கணப் பிழை கெடையாது. நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்னாடி "அக்கா ஒரு தடவ பாருங்க"ன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான்.